குளுக்கோஸ் மட்டும்தான்

என் வாயைப் பத்தி மட்டாஞ்சேரியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பஜார் ரோட்டுல மூட்டை தூக்குறவங்க என்னைக் கண்டா ஒதுங்கி வழி விடுவாங்க. மரியாதைக்கு இல்லே, பயத்துக்கு. "எங்க அக்கா ஹாஜரா பேச ஆரம்பிச்சா காயல்ல போற போட்டுகூட ஹாரன் அடிக்காம போயிடும்"னு என் தம்பி சலாவுதீன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அப்பேர்ப்பட்ட வாய், திறக்க வேண்டிய ஒரே ஒரு நாள்ல திறக்கலே. அதைத்தான் சொல்ல வரேன். நடுவுல யாரும் 'அல்லாவோட நாட்டம்'னு எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். நாட்டம் அவனோடது, நாக்கு என்னோடது.

அறுபத்தெட்டாம் வருஷம், துலா மாசம், அதான் ஐப்பசி. மத்தியானமானா இடியும் மழையுமா கொட்டிக்கிட்டிருந்த சமயம். என் தம்பி பெண்டாட்டி ஜுமைலா ஏழு மாசம் முடிஞ்சு எட்டுல கால் வச்சிருந்தா. மூணாவது பிள்ளை. முதல் ரெண்டும் அவ பொறந்த ஊரான புதுநகரத்துலதான் பொறந்துச்சு. ஒண்ணு ஏழாம் மாசம், இன்னொண்ணு எட்டாம் மாசம். ரெண்டும் ஒரு நாள் தங்கலே. 'இந்தத் தடவை அவளை அம்மா வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், காயலைத் தாண்டினா எறணாகுளத்துல பெரிய பெரிய டாக்டருங்க இருக்காங்க'ன்னு ஒத்தக் கால்ல நின்னவ நான்தான். எனக்குப் பிள்ளை கிடையாது. வீட்டுக்காரர் மௌத்தாகிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. தம்பி பிள்ளையை மடியில போட்டு ஒரு தடவை குளிப்பாட்டிட்டா போதும், கண்ணை மூடிடலாம்னு இருந்தேன். ஆசைதான், வேற என்ன?

ஒரு வியாழக்கிழமை காலையில அவளுக்கு வலி எடுத்துருச்சு. சுக்கு காயப்போட்டிருந்த மொட்டைமாடியில இருந்து இறங்கி வந்தவ, படிக்கட்டுல அப்படியே உக்காந்துட்டா. "மதினி, இதுவும் போகுது"ன்னா. "வாயைக் கழுவுடி"ன்னு அதட்டிட்டு, தம்பியைக் கூட்டிட்டு, அவளைத் தாங்கிப் பிடிச்சு போட்டுல ஏத்தி எறணாகுளத்துக்குக் கொண்டு போனேன்.

கமலாக்ஷின்னு ஒரு லேடி டாக்டர். சின்ன ஆஸ்பத்திரிதான், ஆனா கைராசிக்காரி, வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தவங்க. ஜுமைலாவைப் பார்த்துட்டு எங்க ரெண்டு பேரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டாங்க.

"வலியை நிறுத்தணும். பிள்ளைக்கு இன்னும் நாலஞ்சு வாரம் வயித்துக்குள்ள இடம் வேணும். அதுக்கு இப்ப புதுசா ஒரு வழி இருக்கு. குளுக்கோஸ் தண்ணியில சுத்தமான ஸ்பிரிட்டைக் கலந்து நரம்பு வழியா ஏத்துவோம். கர்ப்பப்பை அடங்கிடும்."

தம்பி முழிச்சான். "ஸ்பிரிட்டுன்னா?"

"சாராயத்துல இருக்கிறதுதான். உங்ககிட்ட மறைக்க விரும்பலே. அதனாலதான் கேக்கிறேன்."

அவன் முகம் செத்துப் போச்சு. காரணம் இருக்கு. ஜுமைலாவோட அத்தா நஜ்முதீன் அஜரத், புதுநகரத்துப் பள்ளிவாசல்ல இமாமா இருக்கிறவர். கள்ளுக்கடை இருக்கிற தெருவுல நடக்க மாட்டேன்னு சுத்திப் போற மனுஷன். அந்த வீட்டுப் பொண்ணோட ரத்தத்துல சாராயமா! தம்பி என்னைப் பார்த்தான். அவன் எப்பவும் என்னைத்தான் பார்ப்பான், மூக்கு ஒழுகின காலத்துல இருந்து.

"உயிர் போற நேரத்துல பன்னிக்கறிகூட ஆகும்னு ஓதியிருக்கோம்லடா"ன்னேன். "ஏத்துங்க டாக்டர். ஆனா ஒண்ணு. அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா ஊசியைப் பிடுங்கி எறிஞ்சுடுவா. அவ அத்தாவுக்கு ஜென்மத்துக்கும் தெரியக் கூடாது. குளுக்கோஸ்னே சொல்லுங்க."

டாக்டருக்கு அது பிடிக்கலே. நோயாளிக்குத் தெரியாம எப்படின்னு கொஞ்ச நேரம் வாதாடினாங்க. உள்ளேயிருந்து ஜுமைலா கத்தின சத்தம் கேட்டதும் விட்டுட்டாங்க.

ரெண்டு நாள் ஏத்தினாங்க. அந்த ரெண்டு நாளை நினைச்சா சிரிக்கவா அழவான்னு இன்னைக்கும் தெரியலே. தலை குனிஞ்சு 'சரி மதினி, ஆகட்டும் மதினி'ன்னு மட்டும் பேசத் தெரிஞ்ச பொண்ணு, பாதி பாட்டில் இறங்கினதும் என்னைப் பார்த்துக் கெக்கெக்கேன்னு சிரிச்சா. "மதினி, ஒரு உண்மை சொல்லட்டா? நீங்க வைக்கிற மீன்குழம்பு ஒரே உப்பு. நாலு வருஷமா முழுங்கிட்டிருக்கேன்." கல்யாணப் பாட்டு ஒண்ணைச் சுதி இல்லாம பாடினா. பக்கத்துக் கட்டில்காரி போர்வையால வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கினா. அடுத்த நிமிஷம் வாந்தி. அதுக்கடுத்து அழுகை. "மண்ணுக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்க மதினி, அவங்களுக்குப் பேர்கூட நான் வைக்கலே. இவன் ரஷீது. யார்கிட்டயும் சொல்லாதீங்க, கண்ணு பட்டுடும். இவன் ரஷீது"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. நான் அவ வாயைத் துடைச்சுவிட்டேன். அவ மூச்சுல அந்த வாடை குப்புன்னு அடிச்சுது. ஆனா வலி நின்னுருந்துச்சு. அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிக்கிட்டேன், சாராய வாடைக்கு நடுவுல.

தம்பி ஊருக்குச் சேதி அனுப்பியிருந்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதில் தந்தி வந்துச்சு. நஜ்முதீன் அஜரத் மறுநாள் காலை ரயில்ல வரார், பதினோரு மணிக்கு எறணாகுளம் ஸ்டேஷன், நேரா ஆஸ்பத்திரிக்கு வரேன்னு. மனுஷன் மகளைப் பார்த்ததும் குனிஞ்சு நெத்தியில ஓதி ஊதுவார், அது அவர் வழக்கம். முகத்துக்கு முகம், மூச்சுக்கு மூச்சு. அந்த வாடை அவருக்குத் தெரியாமலா போகும்?

விடியக்காலை அஞ்சு மணிக்கு ஊசியைக் கழட்டினாங்க. ஏழு மணிக்கு டாக்டர் வந்ததும் "நாங்க வீட்டுக்குப் போறோம்"னு நின்னேன். கமலாக்ஷி டாக்டர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்னைக்குத்தான். "பத்து நாள் படுக்கையை விட்டு அசையக் கூடாதுன்னு நான் சொல்றேன், நீங்க போட்டுல கொண்டு போறேன்கிறீங்க! என்ன அவசரம்?"

என்ன அவசரம்னு சொல்ல முடியுமா? வீட்டுல வயசானவங்க வராங்க, அது இதுன்னு அளந்தேன். வீட்டுக்குக் கொண்டு போய், வெத்திலை போட வச்சு, அறையில சாம்பிராணி காட்டிட்டா, அஜரத் வரதுக்குள்ள வாடை அடங்கிடும்கிறது என் கணக்கு. படுக்கத்தானே வேணும், வீட்டுல படுத்தா என்னன்னு மனசைச் சமாதானப்படுத்திக்கிட்டேன். தம்பி கடையைத் திறந்து வச்சுட்டு ஸ்டேஷனுக்குப் போய், மாமனாரை நேரா மட்டாஞ்சேரிக்கே கூட்டிட்டு வரதா ஏற்பாடு.

டாக்டர் கடைசியா என்னைத் தனியா நிக்க வச்சுச் சொன்னாங்க. "வலி திரும்பினா அடுத்த போட்டுலயே இங்க வரணும். வர முடியாம வேற எங்கயாவது பிரசவமாச்சுன்னா, பிள்ளை எடுக்கிறவங்ககிட்ட முதல் வார்த்தை இதைத்தான் சொல்லணும்: ஸ்பிரிட் ஏத்தியிருக்கு. தாய்க்கு ஏத்தினது பிள்ளைக்கும் போயிருக்கும். பிள்ளை மயங்கிக் கிடக்கும், பால் இழுக்காது. உடம்புல சர்க்கரை இறங்கிடும். சூடா வச்சு, குளுக்கோஸ் தண்ணி சொட்டுச் சொட்டா மணிக்கொரு தடவை குடுக்கணும். மூச்சு மேல கண்ணு இருக்கணும். உடனே இங்க கொண்டு வரணும். புரிஞ்சுதா? திருப்பிச் சொல்லுங்க."

நான் திருப்பிச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாம ஒப்பிச்சேன். இன்னைக்கும் ஒப்பிப்பேன்.

போட்டு பாதிக் காயல் தாண்டியிருக்கும். ஜுமைலா என் தொடையை இறுக்கிப் பிடிச்சா. நகம் உள்ள இறங்கிடுச்சு. "என்னடி?" "ஒண்ணுமில்ல மதினி"ன்னா. அவ அப்படித்தான் சொல்லுவா, பாவி. மட்டாஞ்சேரி படகுத்துறையில இறங்கினப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அடுத்த போட்டுல திரும்பிப் போயிருக்கணும். போட்டு நின்னுட்டுத்தான் இருந்துச்சு. மணி ஒன்பதரை. திரும்பிப் போனா பதினோரு மணிக்கு அஜரத் எறணாகுளத்துல இறங்குவார், தம்பி விஷயத்தைச் சொல்லித்தான் ஆகணும், ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குத்தான் வருவாங்க. லேசான வலிதான், படுத்தா அடங்கிடும்னு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டேன். நான்தான் கூப்பிட்டேன். வீட்டுப் படியில காலை வச்சதும் பனிக்குடம் உடைஞ்சுது.

ரெண்டு சந்து தள்ளி ஸ்வர்ணலதா இருந்தா. ஆஸ்பத்திரியில வேலை பார்த்துட்டு வந்த மிட்வைஃப், பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். எங்க தெருவுல பாதிப் பிள்ளைங்க அவ கையில விழுந்ததுதான். ஆள் அனுப்பினதும் ஓடி வந்தா. அவளுக்கு முன்னாடியே பக்கத்து வீட்டு சுல்ஃபத்து வந்து வெந்நீர் போட்டுட்டிருந்தா. சுல்ஃபத்து நல்லவதான், ஆனா அவ காதுல விழுந்தது ஆலுவா வரைக்கும் போகும். அவ கூடப்பொறந்தவளைக் கட்டிக் குடுத்ததும் புதுநகரத்துலதான்.

ஸ்வர்ணலதா ஜுமைலாவைப் பார்த்துட்டு, அடுப்படியில வந்து கையைக் கழுவிக்கிட்டே கேட்டா. "அக்கா, ரெண்டு நாளா ஆஸ்பத்திரியில இருந்தீங்களே, என்ன மருந்து குடுத்தாங்க?"

அவளுக்கு அந்தப் பக்கம் சுல்ஃபத்து, காதைத் தீட்டி வச்சுக்கிட்டு.

"குளுக்கோஸ் மட்டும்தான்"னேன்.

"இல்ல, ஸ்பிரிட் வாடை மாதிரி அடிக்குதே?"

"ஊசி குத்தின இடத்தைத் துடைச்சது. ரெண்டு நாளா குத்திக்கிட்டே இருந்தாங்க, அதான்."

எவ்வளவு சட்டுனு வந்துச்சு பாருங்க அந்தப் பொய்! யோசிக்கக்கூட இல்லே. சுல்ஃபத்தை வெளிய அனுப்பிட்டு அப்புறமா காதுல சொல்லிக்கலாம்னு மனசுக்குள்ள ஒரு நினைப்பு. அப்புறம் எங்க? ஜுமைலா முக்க ஆரம்பிச்சுட்டா.

பதினொண்ணரைக்கு ரஷீது பொறந்தான். என் ரெண்டு உள்ளங்கைக்குள்ள அடங்கிடுவான், அவ்வளவுதான். ஆனா கையும் காலும் விரலும் நகமும் ஒண்ணு குறையாம இருந்துச்சு. தலை நிறைய முடி. ஸ்வர்ணலதா முதுகைத் தேய்ச்சு, உள்ளங்காலைத் தட்டினா. ஒரே ஒரு தடவை மெதுவா முனகினான். அதுக்கப்புறம் தூங்கிட்டான்.

"மாசத்துக்கு ஏத்த அளவு இருக்கு. மூச்சு இருக்கு. பிழைச்சுக்கும் அக்கா"ன்னா ஸ்வர்ணலதா. அவ கண்ணுல தண்ணி. நான் பிள்ளையை வாங்கி என் மடியில வச்சுக்கிட்டேன். நான் ஆசைப்பட்டது மடிக்கு வந்துடுச்சு. அந்தச் சூடு இப்பவும் எனக்குத் தெரியுது.

"அழுது அடம் பண்ணாத பிள்ளை, நல்ல பொறுமைசாலி"ன்னா சுல்ஃபத்து. எட்டிப் பார்த்த பொம்பளைங்க எல்லாம் மாஷா அல்லா, மாஷா அல்லான்னாங்க. பால் வைக்கப் பார்த்தா இழுக்கலே. கன்னத்தைத் தட்டினா கண்ணைத் திறக்கலே. குறைமாசம்னா இப்படித்தான், தூங்கட்டும், தூக்கம்தான் இதுங்களுக்கு மருந்துன்னு ஸ்வர்ணலதா பஞ்சுல சுத்தி வச்சா. அது தூக்கம் இல்லேன்னு அந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியும்.

சொல்லிடலாம்னு வாயைத் திறந்தப்ப கீழ தம்பி குரல் கேட்டுச்சு. அஜரத் வந்துட்டார்.

மனுஷன் வெள்ளை ஜிப்பாவுல மழை நனைஞ்சு படியேறி வந்தார். பேரனைப் பார்த்ததும் தாடி நடுங்கிச்சு. காதுல பாங்கு சொன்னார். சத்தமா கூட இல்லே, பிள்ளை பயந்துடும்னு மெதுவா சொன்னார். அப்புறம் மகள் பக்கத்துல போய் நெத்தியில ஓதி ஊதக் குனிஞ்சார். நான் சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டேன். வெத்திலையும் போட வைக்கலே, சாம்பிராணியும் காட்டலே, எதுக்கும் நேரமில்லாம போச்சு. குனிஞ்சவர் ஒரு கணம் நின்னார். அப்புறம் ஊதினார். நிமிந்தவர் யாரையும் பார்க்கலே. தெரியலே போலிருக்கு, தப்பிச்சோம்னு நான் மூச்சு விட்டேன்.

பையில இருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார். பெரியவங்க மென்னு, அந்தச் சாறை விரல்ல தொட்டு, பொறந்த பிள்ளை நாக்குல தடவுறது எங்க வழக்கம். ஸ்வர்ணலதா கையை நீட்டித் தடுத்துட்டா. "மாமா, மன்னிக்கணும். குறைமாசப் பிள்ளை. விழுங்கத் தெரியாது. மூச்சுக்குழாயில போயிடும். இன்னைக்கு வாயில ஒண்ணுமே வைக்க வேண்டாம்." அவர் சரிம்மான்னு உடனே பழத்தைத் திரும்பப் பைக்குள்ள வச்சுட்டார்.

சர்க்கரைத் தண்ணி குடுக்கணும். மணிக்கொரு தடவை, சொட்டுச் சொட்டா. என் காதுக்குள்ள டாக்டர் குரல் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஸ்வர்ணலதாகிட்ட போனேன். "ஏம்மா, கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி குடுத்தா என்ன?" அவ்வளவுதான் கேட்டேன். "எதுக்கு அக்கா? பால் ஊறட்டும். காரணமில்லாம எதுக்கு ஆபத்தை இழுத்துக்கணும்?" அவ கேட்டது சரிதானே? காரணம் என்கிட்ட இருந்துச்சு, நான் குடுக்கலே. அஜரத் நாலடி தள்ளி வாசப்படியில உக்காந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கிட்டிருந்தார். படிச்சவ அவ, அவளுக்குத் தெரியாததான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தம்பிக்கு ஸ்பிரிட் விஷயம் தெரியும், ஆனா டாக்டர் சொன்ன இந்தப் பேச்சு தெரியாது. அவன் சந்தோஷத்துல தெருவுக்கெல்லாம் மிட்டாய் குடுத்துட்டு வந்தான்.

மழை பிடிச்சுக்கிச்சு. மணி ரெண்டரை இருக்கும். ஸ்வர்ணலதா பஞ்சை விலக்கிப் பார்த்தா, முகம் மாறிடுச்சு. பிள்ளை காலு குளிர்ந்துகிடந்துச்சு, வெந்நீர் பாட்டிலைப் பக்கத்துல வச்சும். மூச்சு விட்டு விட்டு வந்துச்சு. அவ என்னைத் தனியா மூலைக்கு இழுத்தா.

"அக்கா, இது வெறும் குறைமாசம் மாதிரி தெரியலே. மயக்க மருந்து குடுத்த பிள்ளை மாதிரி கிடக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அங்க என்ன குடுத்தாங்க?"

தனியாத்தான் கேட்டா. காதோட காதாத்தான் கேட்டா. அப்பவாவது சொல்லியிருக்கலாம். ஆனா காலையில பொய் சொன்னவ இப்ப உண்மையைச் சொன்னா, 'அப்ப ஏன் சொல்லலே'ன்னு கேப்பாளே? அவ கத்தினா வாசப்படிக்குக் கேக்குமே? இவ்வளவு நேரம் ஒண்ணும் ஆகலையே, இன்னும் கொஞ்ச நேரத்துல போதை தானா இறங்கிடாதா? என் புத்தி அன்னைக்கு இப்படி எல்லாம் வக்கீல் வேலை பார்த்துச்சு.

"குளுக்கோஸ்தான்மா"ன்னேன்.

நாலு மணிக்கு அவன் கை துடிக்க ஆரம்பிச்சுது. சின்ன விரலு, வெட்டி வெட்டி இழுத்துச்சு. உதடு நீலமாச்சு. ஸ்வர்ணலதா தன் வாயை அவன் வாயில வச்சு ஊதினா. "கார் கொண்டு வாங்க, எறணாகுளத்துக்குப் போகணும்"னு கத்தினா. தம்பி மழையில ஓடினான். அவ திரும்பி என்னைப் பார்த்து அழுகிற குரல்ல கேட்டா. "ஏதாவது குடுத்தாங்களா அக்கா? சொல்லுங்க அக்கா!"

நான் வாயைத் திறந்தேன். காத்துதான் வந்துச்சு. அஜரத் எழுந்து வந்து என் பக்கத்துல நின்னிருந்தார்.

கார் சத்தம் சந்துமுனையில கேட்டப்ப ஸ்வர்ணலதா ஊதுறதை நிறுத்திட்டா. அந்திநேர மஃரிபு தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சு.

ரஷீதுன்னு பேர் சொல்லித்தான் கடைசித் தொழுகை நடத்தினாங்க. அந்தப் பேரை நான்தான் சொன்னேன். அஜரத்தே முன்னால நின்னு தொழ வச்சார். தம்பி ஒரு கையில பிள்ளையை ஏந்திக்கிட்டுப் பள்ளிக்கு நடந்து போனான். ரெண்டு கை தேவைப்படலே.

அதுக்கப்புறம் நாப்பது நாள். ஜுமைலாவுக்குப் பால் கட்டிக்கிச்சு. ஸ்வர்ணலதா தினமும் வந்து, மாரைத் துணியால இறுக்கிக் கட்டிவிட்டுப் போவா. வரும்போதெல்லாம் அதே பேச்சு. "தூங்கட்டும்னு சொன்னேனே அக்கா, நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் குடுக்க வந்த இனிப்பைத் தடுத்தேனே. எனக்கு என்னவோ தப்பிடுச்சு. என்ன தப்பிடுச்சுன்னுதான் தெரியலே." குறைமாசக் கேஸுக்குக் கூப்பிட்டா இனி வரமாட்டேன்னு ரெண்டு வீட்டுல சொல்லிட்டாளாம். சுல்ஃபத்து வந்து சொன்னா. 'அவ கை அவ்வளவு நல்ல கை இல்லே போல'ன்னும் சேர்த்துச் சொன்னா. அப்பவும் நான் சாயா போட்டு ஸ்வர்ணலதாவுக்குக் குடுத்து, 'உன் தப்பு இல்லம்மா'ன்னு ஆறுதல் சொல்லி அனுப்பினேன். எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம் பாருங்க எனக்கு!

நாப்பதாம் நாள் ஜுமைலாவுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி, முடியை உலர்த்திவிட்டுக்கிட்டிருந்தேன். அதுக்கு மேல தாங்கலே. அவ காலடியில உக்காந்து, ஆஸ்பத்திரி வராந்தாவுல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா கொட்டினேன். ஸ்பிரிட் ஏத்தினது, குளுக்கோஸ்னு சொல்லச் சொன்னது, அவ அத்தாவுக்குப் பயந்து கூட்டிட்டு வந்தது வரைக்கும். என்னைச் செருப்பால அடிடின்னேன்.

அவ அடிக்கலே. "ஸ்பிரிட்டு எனக்குத் தெரியும் மதினி"ன்னா.

"என்னது?"

"முத நாளே தெரிஞ்சுடுச்சு. என் வாய் நாத்தம் எனக்குத் தெரியாதா? பிள்ளை தங்கினா போதும், எதை வேணா ஏத்துங்கன்னு கண்ணை மூடிக்கிட்டேன். நீங்க மறைக்கிறீங்கன்னு தெரிஞ்சது. உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னு நானும் காட்டிக்கலே."

அவ நிறுத்தலே. "அத்தாவுக்கும் தெரியும். குனிஞ்சப்பவே தெரிஞ்சுது. ஊருக்குப் போறப்ப என் தலையில கை வச்சு, 'மருந்துக்கு அல்லா கணக்கு கேக்க மாட்டான், நீ மனசு உடையாதே'ன்னார். உங்ககிட்ட கேக்க வேண்டாம்னும் சொன்னார். வருத்தப்படுவீங்களாம்."

"பின்னே ஏண்டி, ஏண்டி ஸ்வர்ணலதாகிட்ட நீ ஒரு வார்த்தை..."

அவ அப்பத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தா. கண்ணு ரெண்டும் வறண்டு கிடந்துச்சு.

"அவங்ககிட்ட சொல்லலையா நீங்க?"

நான் கையில இருந்த துண்டை மடிச்சு வச்சேன்.

"அத்தாகிட்டதான் மறைக்கிறீங்கன்னு நினைச்சேன் மதினி. பிள்ளை எடுக்கிறவங்ககிட்டயுமா மறைப்பாங்க? நீங்க கூட இருக்கீங்க, எல்லாம் சொல்லியிருப்பீங்கன்னு நம்பித்தான் நான் அன்னைக்கு அசந்து தூங்கினேன்."

அல்லாவே. அந்த வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. பெத்தவளுக்குத் தெரியும், அவ அத்தாவுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பிள்ளையைக் கையில வச்சிருந்தவளுக்கு மட்டும் தெரியலே.

படியில செருப்புச் சத்தம் கேட்டுச்சு. ஸ்வர்ணலதா, எப்பவும் வர நேரம். ஜுமைலா மாராப்பைச் சரி பண்ணிக்கிட்டு, "வராங்க மதினி. சொல்லிடுங்க"ன்னா. கெஞ்சலும் இல்லே, கோபமும் இல்லே.

சொன்னேன். நின்னுக்கிட்டே சொன்னேன், டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பிச்சேன். ஸ்வர்ணலதா பையைக் கீழ வைக்காம கேட்டுட்டிருந்தா. என்னைத் திட்டுவா, துப்புவா, மூஞ்சியில அறைவான்னு காத்துக்கிட்டு நின்னேன். அவ ஒண்ணும் செய்யலே. குழந்தை மாதிரி ஒரு குரல்ல கேட்டா.

"நான் உங்களைத்தானே அக்கா கேட்டேன்?"

"ஆமாம்மா"ன்னேன். "என்னைத்தான் கேட்டே."